நிதி ஆலோசகராகத் தொடங்கிக் கொடையாளரான மைக்கேல் லீ-சின்: அவரிடமிருந்து நாம் எதைக் கற்பது?

கொன்றை எழுதியது:

ரொறன்ரோவிலும் அதைச் சூழ்ந்த நகரங்களிலும் நம்மவர்கள் பலர் நிதி ஆலோசகர்களாகவும் காப்புறுதி முகவர்களாகவும் பணியாற்றுகிறார்கள். இதே தொழிலில் ஒரு சாதாரண ஆலோசகராக நுழைந்து, கனடாவின் பெருஞ்செல்வர்களுள் ஒருவராகி, பின்னர் அருங்காட்சியகம், பல்கலைக்கழகம், மருத்துவமனை, தாதியர் பள்ளி என்று வாரி வழங்கியவர் மைக்கேல் லீ-சின். நம்மிடையே அவருடைய பெயர் பெரும்பாலும் ரொறன்ரோ புளோர் தெருவிலுள்ள அந்தக் கோணல்மாணலான அருங்காட்சியகக் கட்டடத்தின் பெயராக மட்டுமே தெரிந்திருக்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னாலுள்ள வாழ்க்கையை நிதானமாகப் பேச வேண்டும் என்ற எண்ணத்தில் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அவர் 1951ஆம் ஆண்டு ஜமேக்காவின் வடகிழக்குக் கரையிலுள்ள போர்ட் அன்ரோனியோ என்ற சிறு துறைமுக நகரில் பிறந்தார். பெற்றோர் இருவருமே ஆபிரிக்க, சீன வழிகள் கலந்தவர்கள். 1854 முதல் ஒப்பந்தக் கூலிகளாக ஜமேக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட சீனர்கள், அவர்களுள் பெரும்பாலோர் ஹக்கா மக்கள், கரும்புத் தோட்டங்களை விட்டு வெளியேறி ஊருக்கு ஊர் பலசரக்குக் கடைகளை நடத்தத் தொடங்கியிருந்தார்கள். அந்தக் கடைகளை ஒட்டிய உலகம்தான் இவருடைய பிள்ளைப் பருவம். தாய் ஹயசிந்த் சென் கணக்கெழுதும் வேலையோடு அழகுசாதனப் பொருட்களை விற்றும் குடும்பத்தைத் தாங்கினார். ஒன்பது பிள்ளைகள் கொண்ட வீட்டில் மைக்கேல் மூத்தவர். பள்ளிக் காலத்திலேயே ஃப்ரெஞ்ச்மன்ஸ் கோவ் விடுதியில் தோட்டவேலை செய்தார். பின்னர் ஒரு விடுமுறையில் பயணக் கப்பலின் இயந்திர அறையைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போனார்.

1970இல் ஹமில்ரனிலுள்ள மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில் குடிசார் பொறியியல் படிக்க வந்தார். கனடா தன் குடிவரவு விதிகளிலிருந்த இனப் பாகுபாட்டை 1962இல் நீக்கி, கல்வி, மொழி, தொழில்திறன் போன்றவற்றுக்குப் புள்ளியிட்டுக் குடிவரவாளர்களைத் தெரிவுசெய்யும் முறையை 1967இல் கொண்டுவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. கையிலிருந்த பணம் படிப்பு முழுவதற்கும் போதவில்லை. எவரிடம் கேட்பது என்று யோசித்து, கடைசியில் தன் நாட்டின் பிரதமர் ஹியூ ஷியரருக்கே கடிதம் எழுதினார். ஜமேக்கா அரசின் புலமைப்பரிசில் கிடைத்தது. 1974இல் பட்டம் பெற்றார்.

ஊருக்குத் திரும்பிச் சிறிது காலம் வீதிப் பொறியியலாளராக வேலை செய்தார். அங்கே வாழ்க்கை அமையாமல் மீண்டும் கனடா வந்தார். மதுக்கூடத்தின் வாசலில் காவல் நிற்கும் வேலையும் செய்தார். 1977இல், 26 வயதில், இன்வெஸ்டர்ஸ் குரூப் நிறுவனத்தின் ஹமில்ரன் அலுவலகத்தில் நிதி ஆலோசகராகச் சேர்ந்தார். அறிமுகமில்லாத வீடுகளின் கதவைத் தட்டி, அந்தக் குடும்பத்தின் வருமானத்தையும் கடனையும் ஓய்வூதியக் கவலையையும் காதுகொடுத்துக் கேட்டு, அதன் பின்னரே பணத்தைப் பற்றிப் பேச வேண்டிய தொழில் அது. உருக்காலைத் தொழிலாளர் நகரமான ஹமில்ரனில், எழுபதுகளில், ஒரு கறுப்பினக் குடிவரவாளர் அந்த நம்பிக்கையைப் பெறுவது எத்தனை கடினமாக இருந்திருக்கும் என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் உணர்வார்கள்.

1983இல் ஐந்து லட்சம் டொலரை வங்கியில் கடனாகப் பெற்று, மக்கென்சி ஃபினான்ஷியல் என்ற ஒரே நிறுவனத்தின் பங்குகளை வாங்கினார். நான்கு ஆண்டுகளில் அவற்றின் மதிப்பு ஏறத்தாழ ஏழு மடங்கானது. அந்த இலாபத்தைக் கொண்டு 1987இல் கிச்சனரிலிருந்த ஏஐசி என்ற மிகச் சிறிய முதலீட்டு நிறுவனத்தை வாங்கினார். அப்போது அதன் நிர்வாகத்திலிருந்த தொகை ஒரு மில்லியன் டொலரைக்கூட எட்டவில்லை. தொண்ணூறுகளின் இறுதியில் அது பத்து பில்லியன் டொலருக்கும் மேலான தொகையை நிர்வகிக்கும் பரஸ்பர நிதி நிறுவனமாக, அதாவது பலருடைய பணத்தை ஒன்றாகத் திரட்டி முதலிடும் நிறுவனமாக, வளர்ந்திருந்தது. அமெரிக்க முதலீட்டாளர் வொரன் பஃபெட்டைத் தன் முன்னோடியாகக் கொண்ட அவர், 'வாங்கு, வைத்திரு, செழித்திரு' என்பதையே நிறுவனத்தின் வாசகமாக்கினார்.

கொடைகளைப் பற்றிய விவரங்களைத் தொடர்ந்து வரும் பதிவுகளில் எழுதுகிறேன். இப்போதைக்கு என் கருத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்த வாழ்க்கையின் திருப்புமுனை எது என்று கேட்டால் எல்லோரும் அந்த ஐந்து லட்சம் டொலர் கடனைக் காட்டுவார்கள். நான் பிரதமருக்குப் போன கடிதத்தைக் காட்டுவேன். ஏழை நாடு ஒன்றின் பொதுப்பணம் ஒரு மாணவனின் படிப்பைக் காப்பாற்றியது. பிற்காலத்தில் அவர் கொடுத்தவற்றில் பல கல்வி நிறுவனங்களுக்குப் போயிருப்பது அதன் தொடர்ச்சி என்று நினைக்கிறேன்.


நெய்தல் எழுதியது:

கொன்றை அண்ணாவின் பதிவு மிகவும் பயனுள்ளது. ஆனாலும் மார்க்கம் பகுதியில் நீண்ட காலமாக உரிமம் பெற்ற ஆலோசகராக இருப்பவள் என்ற முறையில், அந்த 1983ஆம் ஆண்டுக் கடனைப் பற்றி ஓர் எச்சரிக்கையை இங்கேயே எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஏனென்றால், லீ-சின்னைப் பற்றிய கதை நம்முடைய கருத்தரங்குகளில் சொல்லப்படும்போது, 'கடன் வாங்கித் துணிந்து முதலிட்டார், கோடீசுவரரானார்' என்ற ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறது. அந்த ஒரு வரியைக் கேட்டுவிட்டு வீட்டின் மேல் கடன் எடுத்து முதலிட்ட குடும்பங்கள் என்னிடம் வந்திருக்கின்றன.

அவர் கடன் வாங்கிய காலத்தைப் பாருங்கள். 1981 ஓகஸ்ட் மாதத்தில் கனடா மத்திய வங்கியின் வட்டி வீதம் 20 விழுக்காட்டையும் தாண்டியிருந்தது. 1982இன் கோடைக்குப் பின்னர் வட்டி வெகுவாக இறங்கியது. வட அமெரிக்கப் பங்குச் சந்தைகள் நெடிய ஏற்றமொன்றில் கால்வைத்தன. வட்டி இறங்கும்போது வைப்புப் பணத்தில் கிடைத்துவந்த வருமானம் குறைகிறது, மக்கள் பரஸ்பர நிதிகளை நாடுகிறார்கள், அந்த நிதிகளை நிர்வகிக்கும் நிறுவனங்களின் கட்டண வருமானம் பெருகுகிறது. அவர் வாங்கியது அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தின் பங்கு. அதே துறையில் ஆறு ஆண்டுகள் உள்ளே இருந்து வேலை செய்தவர் என்பதால், பணம் எந்தத் திசையில் போகிறது என்பதை அவர் தன் மேசையிலிருந்தே கண்டிருப்பார். வெளியிலிருந்து ஒரு கருத்தரங்கில் கேட்டுவிட்டு வாங்குபவருக்கு அந்த அறிவு இல்லை.

இன்னொன்று: 1987 ஒக்ரோபர் 19ஆம் திகதி அமெரிக்கச் சந்தை ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் வீழ்ந்தது. கடன் வாங்கி ஒரே பங்கில் முதலிட்ட ஒருவர் அந்த ஏற்றத்தின் தொடக்கத்துக்குப் பதிலாக அந்தச் சரிவுக்குச் சற்று முன்னர் தொடங்கியிருந்தால், வங்கி மறுநாளே பணத்தைக் கேட்டிருக்கும். செல்வம் சேர்ப்பதற்கு லீ-சின் சொல்லும் ஐந்து விதிகளில் பிறருடைய பணத்தை விவேகத்தோடு பயன்படுத்துவதும் ஒன்று. அந்த 'விவேகத்தோடு' என்ற சொல்லை விட்டுவிட்டு மற்றதை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

நம் தொழிலைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் கடன் எடுத்து முதலிட்டால் முதலீட்டுத் தொகை பெரிதாகும். தொகை பெரிதானால் ஆலோசகருக்குக் கிடைக்கும் தரகும் பெரிதாகும். பணத்தை முன்கூட்டியே எடுத்தால் அபராதம் விதிக்கும் விற்பனைக் கட்டண முறையும் நெடுங்காலம் இருந்தது. 2022 ஜூன் மாதம் முதலாம் திகதியிலிருந்துதான் பரஸ்பர நிதிகளில் அது நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. ஆகவே, கடன் எடுத்து முதலிடுமாறு ஒருவர் வற்புறுத்தினால், அதனால் அவருக்கு என்ன கிடைக்கிறது என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். நல்ல ஆலோசகர் அந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார்.


புதியவன் எழுதியது:

நெய்தல் அக்கா சொல்வதைப் பார்த்தால், அவருடைய வெற்றி முழுவதும் காலத்தின் தயவு என்றாகிவிடுகிறதே. நான் இப்போது வணிகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய தொழில்திறன் என்று எதுவும் இல்லையா?


கொன்றை எழுதியது:

தம்பி, காலம் கைகொடுத்தது உண்மை. ஆயினும் 1983இல் அதே சந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த எத்தனையோ ஆலோசகர்கள் எதையும் வாங்கவில்லை என்பதும் உண்மை. அவருடைய திறன் எங்கே தெரிகிறது என்றால், காலம் எதிராகத் திரும்பிய 1999இல் தெரிகிறது.

அந்த ஆண்டில் உலகமே இணையத் தொழில்நுட்பப் பங்குகளின் பின்னால் ஓடியது. ஏஐசி அவற்றைத் தொடவில்லை. புரியாத தொழிலை வாங்குவதில்லை என்ற விதியின்படி வங்கிகளையும் நிதி நிறுவனங்களையுமே வைத்திருந்தார்கள். மற்றவர்களின் நிதிகள் மளமளவென்று ஏறியதைப் பார்த்த முதலீட்டாளர்கள் ஏஐசியிலிருந்து பணத்தை எடுக்கத் தொடங்கினார்கள். நிறுவனம் பிழைக்குமா என்று பத்திரிகைகள் கேட்டன. எடுப்பவர்களுக்குப் பணம் கொடுப்பதற்காக நல்ல பங்குகளை விற்கத்தான் வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்த நேரத்தில், அவர் மக்கென்சி பங்குகளை மேலும் வாங்கினார். 2001இல் மக்கென்சி நிறுவனத்தை இன்வெஸ்டர்ஸ் குரூப் வாங்கியது. அதாவது, அவர் கதவு தட்டிக்கொண்டு தொழில் பழகிய அதே நிறுவனம். அந்த விற்பனை அவருக்குப் பெரும் இலாபத்தைத் தந்தது. கொடைகள் பெரிய அளவில் தொடங்கியதும் அதன் பின்னர்தான்.

அதே பிடிவாதம் வேறொரு காலத்தில் பாதகமாகவும் முடிந்தது. சில துறைகளில் மட்டுமே, அதுவும் குறிப்பாக நிதித் துறையில், குவிந்திருந்த நிதிகளுக்கு, உலக நிதி நெருக்கடி வெடித்த 2008 எத்தகைய ஆண்டாக இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அதற்கு முன்பே பல ஆண்டுகளாக முதலீட்டாளர்கள் விலகிக்கொண்டிருந்தார்கள். 2009இல் ஏஐசியின் பரஸ்பர நிதி வணிகம் மனுலைஃப் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அவரைப் புகழ்ந்து எழுதப்படும் கட்டுரைகள் இந்த இடத்தை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. படிக்கிற பிள்ளைகள் இதையும் படிக்க வேண்டும்: ஒரே கொள்கைதான் 2001இல் அவரை உயர்த்தியது, 2008இல் அவருடைய வாடிக்கையாளர்களை வருத்தியது.


சென்னை வாசகர் எழுதியது:

நான் கனடாவில் வசிப்பவன் அல்லன். சென்னையில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். கொடைகளைப் பற்றிப் பேசுவதாகக் கொன்றை ஐயா சொன்னதால் ஒரு கேள்வியை முன்வைக்கிறேன். ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்தின் விரிவாக்கத்துக்கு அவர் 2003இல் மூன்று கோடி டாலர் அறிவித்தார். டேனியல் லிபஸ்கிண்ட் வடிவமைத்த அந்தப் பகுதி 2007 ஜூனில் திறக்கப்பட்டு, 'மைக்கேல் லீ-சின் கிரிஸ்டல்' என்று பெயர் பெற்றது. பழைய கல் கட்டடத்தைப் பிளந்துகொண்டு வெளியே வருவதுபோல் அமைந்த அந்த அலுமினிய, கண்ணாடி வடிவத்தைப் பலர் கொண்டாடினார்கள், பலர் கடுமையாகச் சாடினார்கள். கட்டட அழகைப் பற்றி எனக்குக் கருத்தில்லை. மொத்தச் செலவில் ஒரு பகுதியை மட்டும் கொடுத்த ஒருவரின் பெயர், அரசின் வரிப்பணமும் ஆயிரக்கணக்கானோரின் சிறு நன்கொடைகளும் சேர்ந்து எழுந்த பொதுக் கட்டடத்தின் முகப்பில் நிரந்தரமாக நிற்பது முறையா என்பதே என் கேள்வி. கொடை கொடுத்தவர் பெயரைக் கேட்டு வாங்கினால், அது கொடையா, விளம்பரச் செலவா?


மருதநிலம் எழுதியது:

சென்னை வாசகருக்குப் பதில் சொல்ல முயல்கிறேன். அந்த அருங்காட்சியகம் 1914இல் திறக்கப்பட்டது. இந்த நகரத்தின் மருத்துவமனைகளிலும் பல்கலைக்கழகக் கட்டடங்களிலும் அரங்குகளிலும் நெடுங்காலமாக ஆங்கிலேய, ஸ்கொட்லாந்து வழிவந்த செல்வக் குடும்பங்களின் பெயர்களே இருந்துவந்தன. அந்த வரிசையில், நகரத்தின் நடுநாயகமான தெருவில், ஜமேக்காவிலிருந்து மாணவனாக வந்த கறுப்பின-சீனக் கலப்பினத்தவர் ஒருவரின் பெயர் ஏறியபோது அதற்கு ஒரு பொருள் இருந்தது. பள்ளிச் சுற்றுலாவுக்கு வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் குடிவரவாளர்களின் பிள்ளைகள். அந்தப் பெயர் யாருடையது என்று அவர்கள் கேட்பார்கள், ஆசிரியர் சொல்வார். பெயர் போடாமல் கொடுத்திருந்தால் அந்த உரையாடல் நடக்க வாய்ப்பில்லை. ஆகவே இந்தக் குறிப்பிட்ட இடத்தில் பெயர் பொறிப்பதை நான் ஏற்கிறேன்.

ஆனால் என் மனத்துக்கு நெருக்கமான கொடை அதுவன்று. நான் தாதியாகப் பணிபுரிகிறேன். ஜமேக்காவில் மண்டேவில் நகரிலுள்ள வடகரீபியன் பல்கலைக்கழகத்தின் தாதியர் பள்ளி அவருடைய ஆதரவால் வளர்ந்து, அவருடைய தாயின் பெயரால் 'ஹயசிந்த் சென் தாதியர் பள்ளி' என்று வழங்குகிறது. கணக்கெழுதியும் பொருள் விற்றும் ஒன்பது பிள்ளைகளை வளர்த்த ஒரு பெண்ணின் பெயரை, அந்த நாட்டின் இளம் பெண்கள் தம் சான்றிதழில் சுமந்துகொண்டு வெளியே வருகிறார்கள்.

இதில் வருத்தத்துக்குரிய ஒரு பக்கமும் உண்டு. ஜமேக்கா பயிற்றுவிக்கும் தாதியரில் பெருந்தொகையினரைப் பிரித்தானியாவும் அமெரிக்காவும் கனடாவும் இழுத்துக்கொள்கின்றன. என்னோடு இரவுப் பணியில் நிற்பவர்களிலும் ஜமேக்காவில் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விட்டுவந்த வார்டுகளில் ஆட்கள் போதவில்லை என்பதை அவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். பேர்லிங்டனில் ஜோசப் பிராண்ட் மருத்துவமனையின் நோயாளர் கோபுரமும் அவருடைய குடும்பத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது; அதற்கு அவர் கொடுத்தது பத்து மில்லியன் டொலர். ஒரு முனையில் தாதியரை உருவாக்கும் பள்ளி, மறுமுனையில் அந்தத் தாதியரை ஈர்க்கும் செல்வந்த நாட்டு மருத்துவமனை. இரண்டுக்கும் கொடையாளர் ஒருவரே. இது அவருடைய குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஒரு தனிமனிதரின் கொடையால், அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும், நாடுகளுக்கு இடையிலான சம்பள வேறுபாட்டை நிரப்ப முடியாது. பயிற்சிக்குக் கொடுப்பவர்கள், பயிற்சி பெற்றவர்கள் சொந்த நாட்டில் நிலைப்பதற்கான ஊதியத்தைப் பற்றியும் அரசுகளிடம் குரல்கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன்.


கணக்கர் எழுதியது:

பெயரைப் பற்றிய விவாதத்தில் வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கனடாவில் பதிவுபெற்ற அறநிறுவனத்துக்குக் கொடுப்பவருக்கு வரிச்சலுகை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, பங்குகளாகவே கொடுக்கும் வழி. சந்தையில் விற்பனையாகும் பங்குகளை விற்றுப் பணமாக்கிக் கொடுத்தால், அவற்றின் மதிப்பு உயர்வுக்கு முதலில் வரி கட்ட வேண்டும். பங்குகளை அப்படியே அறநிறுவனத்தின் கணக்குக்கு மாற்றிவிட்டால், 2006ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்துக்குப் பின்னர், அந்த மதிப்பு உயர்வுக்கு வரியே இல்லை. முழுச் சந்தை மதிப்புக்கும் நன்கொடைப் பற்றுச்சீட்டும் கிடைக்கும். பத்தாயிரம் டொலருக்கு வாங்கி நாற்பதாயிரமாக வளர்ந்த பங்கை வைத்திருக்கும் ஒரு சாதாரண ஓய்வூதியருக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. கோயிலுக்கோ மருத்துவமனைக்கோ கொடுக்க எண்ணும் நம்மவர்கள் பங்கை விற்றுக் காசோலை எழுதுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த அமைப்பு பதிவுபெற்றதாகவும் பங்குக் கணக்கு உடையதாகவும் இருந்தால், விற்காமல் மாற்றிக் கொடுங்கள்.

இதிலிருந்துதான் சென்னை வாசகரின் கேள்விக்கு வருகிறேன். இப்படிக் கிடைக்கும் சலுகைகளையெல்லாம் கூட்டினால், எந்தப் பெருங்கொடையிலும் கணிசமான பங்கைப் பொதுமக்கள் இழந்த வரியாகச் செலுத்துகிறார்கள். எனவே, பொதுமக்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமை இருக்கிறது. பணம் கேட்பாரற்று அறக்கட்டளைகளில் தேங்கக் கூடாது என்பதால், ஒரு மில்லியன் டொலருக்கு மேற்பட்ட சொத்தில் ஆண்டுதோறும் செலவிட வேண்டிய குறைந்த அளவை அரசு 2023இல் 3.5 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாக உயர்த்தியது. இது போதாது என்பது என் நிலைப்பாடு. உயிரோடு இருக்கும்போதே, இயங்கும் நிறுவனங்களுக்கு நேரடியாகக் கொடுக்கும் கொடையாளரை நான் அதிகம் மதிக்கிறேன். லீ-சின்னின் கொடைகளில் நாம் இங்கே பேசியவை அந்த வகையைச் சேர்ந்தவை. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ரொட்மன் மேலாண்மைப் பள்ளிக்கு அவர் கொடுத்த பத்து மில்லியன் டொலர், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பை ஆராயும் ஓர் ஆய்வு மையமானது. தாம் படித்த மக்மாஸ்ரருக்கும் கொடுத்தார்.


சென்னை வாசகர் எழுதியது:

இருவரின் பதில்களுக்கும் நன்றி. மருதநிலம் அவர்கள் சொன்ன காரணத்தை ஏற்கிறேன். அந்த நகரத்தின் பழைய பெயர்ப் பலகைகளைப் பற்றி அறியாமல் கேட்டால் கேள்வி முழுமையாகாது என்பது புரிகிறது. ஆனாலும், பெயருக்குக் கால வரம்பு இருக்க வேண்டும் என்ற கருத்தில் நிற்கிறேன். அவருடைய சொந்த நாட்டில் அவருடைய பங்கு என்ன என்பதை அறிய விரும்புகிறேன். வெளிநாட்டில் கொடுத்தது அதிகமா, ஊருக்குக் கொடுத்தது அதிகமா என்பதைவிட, ஊரில் கொடுத்தது எந்த வகையைச் சேர்ந்தது என்பதே எனக்கு முக்கியம்.


கொன்றை எழுதியது:

ஜமேக்காவைப் பொறுத்தவரை அவருடைய முதன்மையான செயல் கொடையன்று, முதலீடு. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஜமேக்காவின் நிதித்துறை சரிந்தது. வங்கிகளையும் காப்புறுதி நிறுவனங்களையும் மீட்க 1997இல் ஃபின்சாக் என்ற அரசு நிறுவனம் அமைக்கப்பட்டது. அதன் சுமை பொதுக்கடனாக மக்கள் தலையில் விழுந்தது. அப்படி மீட்கப்பட்ட தேசிய வணிக வங்கியின் 75 விழுக்காட்டுப் பங்குகளை 2002இல் லீ-சின் வாங்கினார். வெளிநாட்டில் செல்வம் சேர்த்த ஒருவர், நொந்துபோயிருந்த சொந்த நாட்டின் மிகப்பெரிய வங்கிகளுள் ஒன்றை வாங்கி நிமிர்த்தியது அங்கே பெருமையாகப் பார்க்கப்பட்டது. பிற்காலத்தில் அந்த வங்கி ஈட்டிய பெரும் இலாபத்தையும் அதன் கட்டணங்களையும் பற்றி வாடிக்கையாளர்கள் முறையிட்டதும் உண்டு. இரண்டையும் சேர்த்தே சொல்வதுதான் நியாயம். சிறுவனாக விடுதித் தோட்டத்தில் வேலை செய்த போர்ட் அன்ரோனியோவிலேயே பின்னர் ட்ரைடன்ற் விடுதியின் உரிமையாளரானார் என்பதும் அந்த ஊர் மக்களுக்கு நெருக்கமான செய்தி.

கொடை என்று பார்த்தால், 2003இல் தொடங்கிய அந்த வங்கியின் அறக்கட்டளை செய்துவரும் வேலைகளில் ஒன்று என்னைக் கவர்ந்தது. கரீபியப் பள்ளி மாணவர்கள் எழுதும் பொதுத்தேர்வில் ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியே கட்டணம் செலுத்த வேண்டும். கட்ட முடியாத பிள்ளை, பாடத்தைப் படித்துவிட்டும் தேர்வு எழுதாமல் நிற்கும். கணக்குப்பதிவியல், வணிகவியல் ஆகிய பாடங்களுக்கான கட்டணத்தை அந்த அறக்கட்டளை நாடு தழுவிய அளவில் ஏற்றுக்கொண்டது. சிறிய தொகைதான், ஆனால் சரியான இடத்தில் விழும் தொகை. படிப்பின் நடுவே பணமின்றி நின்ற ஒரு மாணவனின் இடர் எங்கே இருக்கும் என்று தெரிந்தவர்களால்தான் இப்படிப்பட்ட திட்டத்தை வகுக்க முடியும்.

2008இல் ஜமேக்கா அவருக்கு 'ஓடர் ஒஃப் ஜமேக்கா' விருதை வழங்கியது. ஒன்ராறியோ மாகாணமும் 2017இல் தன் உயர்ந்த விருதை வழங்கியது. 2016இல் ஜமேக்கா அரசு அமைத்த பொருளாதார வளர்ச்சிச் சபைக்கு அவர் தலைமை தாங்கினார். நான்கு ஆண்டுகளில் 5 விழுக்காடு வளர்ச்சி என்பது அதன் இலக்கு. அந்த இலக்கு எட்டப்படவில்லை. நிறுவனம் நடத்தும் திறமை ஒரு நாட்டின் பொருளாதாரத்தை உயர்த்தப் போதும் என்று நம்புகிறவர்கள் இதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

நம்மைப் பற்றி ஒரு சொல். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்குத் தேவையான மூன்று மில்லியன் டொலர் 2021இல் திரட்டி முடிக்கப்பட்டது. பெரும் செல்வர் ஒருவரின் காசோலையை எதிர்பார்க்காமல், பல நாடுகளிலிருந்தும் வந்த சிறியதும் பெரியதுமான நன்கொடைகளால் அது நிறைவேறியது. ஆகவே, லீ-சின் போன்ற ஒருவர் நம்மிடையே தோன்றும்வரை காத்திருக்க வேண்டிய தேவை இல்லை.


புதியவன் எழுதியது:

ஒரு கடைசிக் கேள்வி. நான் இந்தத் தொழிலுக்கு வர விரும்புகிறேன். பெரிய பணம் கையில் சேரும் வரைக்கும், ஒரு சாதாரண ஆலோசகரால் சமூகத்துக்கு என்ன கொடுக்க முடியும்?


நெய்தல் எழுதியது:

தம்பி, இன்றே கொடுக்கக்கூடிய ஒன்று இருக்கிறது. குறைந்த வருமானக் குடும்பங்களில் 2004ஆம் ஆண்டிலோ அதன் பின்னரோ பிறந்த பிள்ளைகளுக்கு, 'கனடா கற்றல் பத்திரம்' என்ற பெயரில் அரசு தலா 2,000 டொலர் வரை கொடுக்கிறது. தகுதி பெறும் முதல் ஆண்டுக்கு 500 டொலர். அதன் பின்னர் பிள்ளைக்கு 15 வயது ஆகும் வரை தகுதியுள்ள ஒவ்வோர் ஆண்டுக்கும் 100 டொலர். இதற்குப் பெற்றோர் ஒரு சதமும் போட வேண்டியதில்லை. பதிவுசெய்த கல்விச் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் திறந்து, பத்திரத்துக்கு விண்ணப்பித்தால் போதும். தவறவிட்ட ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கிடைக்கும். 18 வயதானவர்கள் தாங்களாகவே விண்ணப்பிக்கலாம். 21ஆவது பிறந்தநாளுக்கு முன்னர் செய்துவிட வேண்டும். பெற்றோர் தாங்களும் சேமித்தால், ஆண்டுக்கு 2,500 டொலர் வரையிலான சேமிப்புக்கு 20 விழுக்காட்டு மானியம், அதாவது 500 டொலர், தனியாகக் கிடைக்கும்; ஒரு பிள்ளைக்கு அதன் வாழ்நாள் உச்சம் 7,200 டொலர்.

பெற்றோரின் பணம் சேராத கணக்கில் ஆலோசகருக்குக் கிடைப்பது ஏறக்குறைய எதுவும் இல்லை. அதனால் இதைப் பற்றி யாரும் அவர்களிடம் போய்ச் சொல்வதில்லை. அண்மையில் வந்த அகதிக் குடும்பங்களும், தொழிற்சாலையில் இரண்டு நேரமும் வேலை செய்யும் பெற்றோரும்தான் அதிகம் தவறவிடுகிறார்கள். உரிமம் கிடைத்த பிறகு, மாதத்தில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி, கோயில் மண்டபத்திலோ நூலகத்திலோ உட்கார்ந்து, இந்தக் கணக்கைத் திறப்பதற்கு மட்டும் உதவி செய். வேறு எதையும் அன்று விற்காதே. குடும்பம் கொண்டுவர வேண்டியவை பிள்ளையின் சமூகக் காப்புறுதி எண்ணும் பெற்றோரின் எண்ணும் அடையாள அட்டையும். பெற்றோர் வரிக் கணக்கைத் தாக்கல் செய்திருக்க வேண்டும். பிள்ளைநலக் கொடுப்பனவும் வந்துகொண்டிருந்தால் விண்ணப்பம் தடையின்றிப் போகும். வரி தாக்கல் செய்யாத குடும்பமாக இருந்தால், முதலில் அதைச் செய்துகொடு. மார்ச், ஏப்ரல் மாதங்களில் இலவச வரி உதவி முகாம்கள் பல சமூக நிலையங்களில் நடக்கும். அவற்றோடு சேர்ந்து உட்கார்ந்தால் இரண்டு வேலையும் ஒரே நாளில் முடியும்.